இரண்டு தீவு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும்: நீங்களே கணக்கிடுவது எப்படி?

கொழும்பு விமான நிலையத்திலிருந்து மாலே விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 777 என்று இருக்கும், ஓரிடத்தில் 483, இன்னோரிடத்தில் 419. நேரத்தைத் தேடினால் 55 நிமிடம், 1 மணி 10 நிமிடம், 1 மணி 25 நிமிடம் என்று மூன்று விடைகள் வரும். இந்த ஆறில் எதுவுமே தப்பில்லை. தூரத்துக்குச் சொன்ன மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது தரை மைல், கடைசி கடல் மைல். நேரத்துக்குச் சொன்ன மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகள். எந்த எண் எந்தக் கேள்விக்கு உரியது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். மீதிப் பாதியை இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கலாம்.

தீவுகளுக்கு மட்டும் எதற்குத் தனியாக ஒரு வழிகாட்டி? காரணம் இருக்கிறது. நிலப்பரப்பில் ஒரு விமானத்தைத் தவறவிட்டால் ரயிலோ பேருந்தோ இருக்கும். தீவில் அடுத்த விமானம் நாளைக்கு இருக்கலாம், அடுத்த வாரம்கூட இருக்கலாம். அடுத்தடுத்த தீவுகளுக்கு நடுவே, தாண்டினால் தேதியே மாறிவிடும் தேதிக் கோடு ஓடுவதும் உண்டு. சுற்றிலும் கடல் என்பதால் விமானம் எந்தப் பாதையில் போகலாம், எவ்வளவு எரிபொருள் சுமக்க வேண்டும் என்பதற்கும் தனி விதிகள் உண்டு. அதனால் நேரத்தைச் சரியாகக் கணிக்கத் தெரிவது இங்கே உண்மையிலேயே பயன்படும்.

படி 1: தீவை அல்ல, விமான நிலையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

தூரம் என்பது விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே அளப்பது. ஒரே தீவில் பல விமான நிலையங்கள் இருக்கலாம். கொழும்பு என்றால் பெரும்பாலும் கட்டுநாயக்கவில் உள்ள பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம். ஆனால் இரத்மலானையிலும் ஒன்று உண்டு. மாலே விமான நிலையம் மாலே தீவிலேயே இல்லை, பக்கத்தில் உள்ள ஹுல்ஹுலே தீவில் இருக்கிறது. மாலத்தீவுகளின் தென்கோடியில் கான் என்ற தீவில் இன்னொரு சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. மாலேயின் விமான நிலையமான வேலானாவிலிருந்து அது ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். "மாலத்தீவுக்கு எவ்வளவு தூரம்" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது என்பது இதிலிருந்தே புரியும்.

பெயரை நம்பாதீர்கள், குறியீட்டை நம்புங்கள். பயணிகள் விமானம் வந்துபோகும் நிலையங்களுக்குப் பொதுவாக இரண்டு குறியீடுகள் உண்டு. பயணச்சீட்டில் வரும் மூன்றெழுத்துக் குறியீடு விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா தருவது: கொழும்புக்கு சி-எம்-பி, மாலேவுக்கு எம்-எல்-ஈ. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பயன்படுத்தும் நான்கெழுத்துக் குறியீடு ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. தருவது: வி-சி-பி-ஐ, வி-ஆர்-எம்-எம்.

தீவுகளில் பெயர்க் குழப்பம் சாதாரணமாக வருவது. கிறிஸ்துமஸ் தீவு என்று இந்தியப் பெருங்கடலில் ஒன்று இருக்கிறது, ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானது, குறியீடு எக்ஸ்-சி-எச். பசிபிக்கில் கிரிபாட்டி நாட்டின் கிரிட்டிமாட்டிக்கும் அதே பெயர்தான், குறியீடு சி-எக்ஸ்-ஐ. இரண்டுக்கும் நடுவே 10,000 கிலோமீட்டருக்கு மேல். செயின்ட் ஜான்ஸ் என்ற ஊர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவிலும் இருக்கிறது, கரீபியனில் ஆன்டிகுவா தீவின் தலைநகரமும் அதே பெயர். கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் சிட்னி என்று ஓர் ஊர் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போக நினைத்து அங்கே போய் இறங்கியவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். எல்லாக் கணக்கையும் தொடங்கும் முன் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

படி 2: அட்சரேகை, தீர்க்கரேகையை எடுங்கள்

ஒவ்வொரு நாடும் தன் விமான நிலையங்களின் அதிகாரபூர்வமான விவரங்களைத் தொகுத்து வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு மையப்புள்ளி குறிக்கப்பட்டிருக்கும். விமான நிலையத்தின் விக்கிப்பீடியா பக்கத்திலோ வரைபடச் செயலியிலோ கிடைக்கும் எண்ணும் நம் தேவைக்குப் போதும்.

இங்கே இரண்டு இடங்களில் கை வழுக்கும். முதலாவது, பாகையும் கலையும். 7 பாகை 11 கலை என்பதை 7.11 என்று எழுதிவிடக் கூடாது. ஒரு பாகைக்கு 60 கலை, எனவே 11-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும்: 7.18. இரண்டாவது, திசைக் குறி. வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டங்களில் இந்தக் கழித்தல் குறியை விட்டால் விடை பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

நம் உதாரணத்துக்கு: கொழும்பு 7.18 வடக்கு, 79.88 கிழக்கு. மாலே 4.19 வடக்கு, 73.53 கிழக்கு.

படி 3: தூரத்தைக் கணக்கிடுங்கள்

கடல் மைல் என்ற அளவு இங்கே நமக்குப் பெரிய உதவி. பூமியில் வடக்கு தெற்காக ஒரு கலை நகர்ந்தால் அது ஏறத்தாழ ஒரு கடல் மைல். 1929-ல் மொனாக்கோவில் நடந்த மாநாட்டில் அதைச் சரியாக 1852 மீட்டர் என்று நிர்ணயித்தார்கள். ஆகவே அட்சரேகையில் ஒரு பாகை என்றால் 60 கடல் மைல், அதாவது சுமார் 111 கிலோமீட்டர்.

சரி, கணக்குக்கு வருவோம். அட்சரேகை வித்தியாசம் 7.18 கழித்தல் 4.19, அதாவது 2.99 பாகை. 60-ஆல் பெருக்கினால் 179.4 கடல் மைல். இது வடக்கு தெற்குத் தூரம்.

தீர்க்கரேகை வித்தியாசம் 6.35 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வருபவை என்பதால் இதை நேரடியாக 60-ஆல் பெருக்க முடியாது. இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகையை எடுத்து, அதன் கொசைனால் (கால்குலேட்டரில் cos பொத்தான்) பெருக்க வேண்டும். சராசரி 5.7 பாகை, கொசைன் 0.995. ஆக 6.35 × 0.995 × 60 = 379 கடல் மைல்.

இனி பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். 179.4-இன் வர்க்கமும் 379-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 419 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் 777 கிலோமீட்டர். தரை மைல் வேண்டுமென்றால் கிலோமீட்டரை 1.609-ஆல் வகுங்கள்: 483. ஆரம்பத்தில் பார்த்த மூன்று எண்களும் வந்துவிட்டன.

இந்த எளிய வழி நிலநடுக்கோட்டுக்கு அருகில், சில நூறு கிலோமீட்டருக்கு அருமையாக வேலை செய்யும். வெகுதூரத்துக்கு, அதிலும் நிலநடுக்கோட்டை விட்டு விலகிய இடங்களுக்கு, காலை வாரிவிடும். டோக்கியோவின் ஹனேடாவும் லண்டனின் ஹீத்ரோவும் கூடத் தீவு விமான நிலையங்கள்தான். ஒன்று ஹொன்ஷு தீவில், மற்றது பிரிட்டன் தீவில். மேலே சொன்ன முறையில் போட்டால் 11,400 கிலோமீட்டர் என்று வரும். உண்மையான மிகக் குறுகிய தூரம் 9,600 கிலோமீட்டர் அளவுதான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? கோளத்தின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, கோளத்தைச் சரிபாதியாக வெட்டும் வட்டமான பெருவட்டத்தின் ஒரு வில். தட்டையான வரைபடத்தில் அது வடக்கே வளைந்து போவதுபோல் தெரியும். நம்பிக்கை வரவில்லை என்றால் ஓர் உலக உருண்டையை எடுத்து, டோக்கியோவுக்கும் லண்டனுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் சைபீரியாவின் வடகோடியை ஒட்டிப் போகும்.

கோளத்துக்கான சூத்திரம் இதுதான்: முதல் அட்சரேகையின் சைன் × இரண்டாம் அட்சரேகையின் சைன், அதோடு முதல் அட்சரேகையின் கொசைன் × இரண்டாம் அட்சரேகையின் கொசைன் × தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைன் ஆகியவற்றின் பெருக்கலைக் கூட்டுங்கள். வரும் எண்ணுக்குத் தலைகீழ் கொசைன் எடுத்தால் பாகையில் கோணம் கிடைக்கும். அதை 60-ஆல் பெருக்கினால் கடல் மைல். கைபேசியில் உள்ள அறிவியல் கால்குலேட்டர் போதும், பாகை முறையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பசிபிக் தீவுகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஹவாயின் ஹொனலுலு 21.32 வடக்கு, 157.92 மேற்கு. குவாம் 13.48 வடக்கு, 144.80 கிழக்கு. ஒன்று மேற்கு, ஒன்று கிழக்கு என்பதால் வித்தியாசம் 157.92-உம் 144.80-உம் சேர்ந்து 302.72 பாகை. இது 180-ஐத் தாண்டுகிறது. அப்படியென்றால் பூமியைத் தப்பான பக்கமாகச் சுற்றுகிறோம் என்று அர்த்தம். 360-லிருந்து கழித்தால் 57.28, இதுதான் வேண்டும். சூத்திரத்தில் போட்டால் கோணம் 54.94 பாகை, தூரம் சுமார் 3,297 கடல் மைல், கிலோமீட்டரில் 6,100-ஐ ஒட்டி வரும். கோளச் சூத்திரத்தில் இந்தத் திருத்தத்தை விட்டாலும் கொசைன் அதே விடையைத் தந்துவிடும். எளிய முறையில் விட்டால் அபத்தமான எண் வரும்.

பூமி சரியான கோளம் இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டையானது. அதனால் இந்த விடைகளில் அதிகபட்சம் அரை சதவீதம் வரை பிழை இருக்கும். பயணத் திட்டத்துக்கு அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

படி 4: விமானம் உண்மையில் போகும் பாதை

வந்த தூரம் மிகக் குறைந்தபட்சத் தூரம். விமானம் அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் பறக்கும். புறப்படும்போது காற்றின் திசையைப் பார்த்து ஓடுபாதையில் ஓடி, போக வேண்டிய பக்கம் திரும்ப வேண்டும், இறங்கும்போதும் அப்படித்தான். இடையில் வான்வழிகள் வளைந்திருக்கும், இடிமேகத்தைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். சாதாரண நாளில் குறுகிய தூரத்துக்குச் சில பத்து கிலோமீட்டர் சேர்த்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

சில சமயம் இந்தக் கூடுதல் மிகப் பெரிதாகிவிடும். 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு டோக்கியோ, லண்டன் விமானங்கள் சைபீரியா வழியை விட்டு அலாஸ்கா, கிரீன்லாந்து பக்கமாகவோ மத்திய ஆசியா வழியாகவோ சுற்ற ஆரம்பித்தன. 12 மணி நேரம் அளவில் இருந்த பயணம் 14 மணி நேரம் அளவுக்குப் போனது. விமான நிலையங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, 9,600 கிலோமீட்டரும் மாறவில்லை. பறக்கும் நேரம் மட்டும் இரண்டு மணி நேரம் கூடிவிட்டது.

கடலுக்கு மேல் பறப்பதில் இன்னொரு கட்டுப்பாடு, தெரிந்துகொள்ள வேண்டியது. இரட்டை இன்ஜின் விமானத்தில் ஒரு இன்ஜின் நின்றுபோனால், மற்றதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்ட முடிகிற தொலைவிலேயே அது பறக்க வேண்டும். அடிப்படை விதி 60 நிமிடம். விமானத்துக்கும் நிறுவனத்துக்கும் தனி அனுமதி இருந்தால் 120, 180 நிமிடம், அதற்கு மேலும் உண்டு. இதனால்தான் பெருங்கடல் நடுவே உள்ள சின்னத் தீவுகளின் ஓடுபாதைகள், அங்கே யாரும் இறங்காவிட்டாலும், மற்றவர்களின் பாதையைத் தீர்மானிக்கின்றன. பசிபிக்கில் மிட்வே தீவு அப்படி ஒரு புகலிடம். அட்லான்டிக்கில் அசோரஸ் தீவுகள். 2001 ஆகஸ்ட் 24 அன்று டொராண்டோவிலிருந்து லிஸ்பன் போய்க்கொண்டிருந்த ஏர் ட்ரான்சாட் 236 விமானம் எரிபொருள் கசிவால் இரண்டு இன்ஜினும் நின்றுபோய், ஏறத்தாழ 19 நிமிடம் மிதந்தே வந்து அசோரஸின் லாஜெஸ் ஓடுபாதையில் இறங்கியது. உள்ளே இருந்த 306 பேரும் பிழைத்தார்கள். வரைபடத்தில் ஒரு விமானம் காரணமில்லாமல் ஒரு தீவுப் பக்கமாக ஒதுங்கிப் போவதுபோல் தெரிந்தால், இந்த விதியையும் மனதில் வையுங்கள்.

படி 5: பறக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

தூரத்தை 800-ஆல் வகுத்து "பறக்கும் நேரம்" என்று போட்டுவிடும் தளங்கள் நிறைய. நீண்ட பயணத்துக்கு அது ஓரளவு பொருந்தும். தீவுகளுக்கு இடையிலான குறுகிய பயணத்துக்குச் சுத்தமாகப் பொருந்தாது. ஏனென்றால் விமானம் பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி ஏறுவதிலும் இறங்குவதிலும் போய்விடுகிறது.

இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் அளவு, 1000 அடிக்கு 3 கடல் மைல். 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல், அதாவது 190 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். அப்படியானால் கொழும்பு, மாலே பயணத்தின் 419 கடல் மைலில் பாதி ஏற்ற இறக்கம்தான். முழு வேகத்தில் பறப்பது மீதிப் பாதியில் மட்டுமே.

வேகத்துக்கு இந்த எண்களை வைத்துக்கொள்ளுங்கள். ட்வின் ஆட்டர் போன்ற சிறிய விமானம், கடல் விமானம்: மணிக்கு 270 முதல் 300 கிலோமீட்டர். ஏ.டி.ஆர். 72 போன்ற சுழலி (புரொப்பெல்லர்) விமானம்: 500. ஏர்பஸ் 320, போயிங் 737: 830. போயிங் 787, ஏர்பஸ் 350 போன்ற பெரிய விமானம்: 900.

தூரத்தை இந்த வேகத்தால் வகுங்கள். வரும் நேரத்தோடு ஏற்ற இறக்கத்துக்காக ஜெட் என்றால் 15 நிமிடம், சுழலி விமானம் என்றால் 8 முதல் 10 நிமிடம் கூட்டுங்கள். இதுதான் வானில் இருக்கும் நேரம். அப்புறம் தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போவது, இறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு வருவது, இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு 15 நிமிடம். நெரிசலான பெரிய நிலையம் என்றால் 25 கூட ஆகும். ஒரே ஒரு விமானம் நிற்கும் சின்னத் தீவில் 5 நிமிடம் போதும்.

கொழும்பு, மாலேவுக்கு ஏர்பஸ் 320-ஐ வைத்துப் போட்டால்: 777-ஐ 830-ஆல் வகுத்தால் 56 நிமிடம். 15 கூட்டினால் 1 மணி 11 நிமிடம், இது வானில். இன்னும் 15 கூட்டினால் 1 மணி 26 நிமிடம், இது நீங்கள் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரம். விமான நிறுவனம் அட்டவணையில் போடுவது இந்தக் கடைசி நேரத்தைத்தான். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்குவதிலிருந்து மறுமுனையில் நிற்கும்வரை உள்ள இதைத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். விமானி "பறக்கும் நேரம் 1 மணி 10 நிமிடம்" என்று அறிவிப்பதும் பயணச்சீட்டில் 1 மணி 25 இருப்பதும் முரண்படுவதாக நினைக்க வேண்டாம்.

மிகக் குறுகிய தூரத்தில் ஒரு வேடிக்கை. 150 கிலோமீட்டர் தூரத்துக்கு ஜெட் விமானம் 11 நிமிடமும் 15-உம் சேர்ந்து 26 நிமிடம். சுழலி விமானம் 18-உம் 8-உம் சேர்ந்து அதே 26 நிமிடம். எனவே பக்கத்துத் தீவுக்குப் போக "ஜெட் இருக்கிறதா" என்று தேடி அலைவதில் பயனில்லை. ஹொனலுலுவிலிருந்து மாவி தீவின் கஹுலுயிக்கு 160 கிலோமீட்டர். ஜெட்டில் போனாலும் அட்டவணையில் 40 நிமிடம் அளவில்தான் இருக்கும்.

படி 6: காற்று

விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்து அளப்பது. காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரையைப் பொறுத்த வேகம் மாறும். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து ஹீத்ரோவுக்கு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையைப் பொறுத்து அதன் உச்ச வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை அது தாண்டிவிடவில்லை; காற்றோட்டமே அதைத் தூக்கிக்கொண்டு வந்தது.

எதிர்க்காற்றில் இழப்பதும் பின்காற்றில் பெறுவதும் சமமாகாது என்பதைக் கவனியுங்கள். 6,000 கிலோமீட்டர், வேகம் 900, காற்று 100 என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் 6 மணி 40 நிமிடம். பின்காற்றில் 6 மணி, 40 நிமிடம் லாபம். எதிர்க்காற்றில் 7 மணி 30 நிமிடம், 50 நிமிடம் நஷ்டம். போய்வரும் மொத்தக் கணக்கில் காற்று எப்போதும் நம்மிடமிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளத்தான் செய்யும்.

ஹொனலுலு, குவாம் வழியில் இது தெளிவாகத் தெரியும். குவாம் போக 8 மணி நேரத்தை ஒட்டி, திரும்பி வர 7 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு முக்கியமான விஷயம்: கடற்கரையில் முகத்தில் படும் காற்றை வைத்து மேலே உள்ளதைக் கணிக்காதீர்கள். இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தரையில் காற்று மேற்கிலிருந்து வரும், விமானங்கள் பறக்கும் உயரத்தில் கிழக்கிலிருந்து வரும்.

படி 7: கடிகாரத்தையும் நாட்காட்டியையும் பாருங்கள்

பயணச்சீட்டில் இருக்கும் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். கொழும்பு நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால், மாலே 5 மணி நேரம் முன்னால். காலை 10:00-க்குக் கிளம்பி 10:55-க்கு இறங்கினால் ஆனது 55 நிமிடம் இல்லை, 1 மணி 25 நிமிடம். திரும்பும்போது அதே பயணம் 1 மணி 55 நிமிடம் ஆவதுபோல் தெரியும். குழப்பமே வராமல் இருக்க ஒரே வழி, இரண்டு நேரத்தையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக்கொண்டு கழிப்பது.

தேதிக் கோடு குறுக்கிட்டால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். குவாம் 10 மணி நேரம் முன்னால், ஹொனலுலு 10 மணி நேரம் பின்னால். குவாமிலிருந்து செவ்வாய்க்கிழமை காலை 7:30-க்குக் கிளம்பினால் அது பொது நேரத்தில் திங்கள் இரவு 9:30. 7 மணி 10 நிமிடம் கழித்து, பொது நேரம் செவ்வாய் அதிகாலை 4:40. ஹொனலுலுவில் அது திங்கள் மாலை 6:40. கிளம்பியதற்கு முந்தைய நாள் மாலையில் போய் இறங்குகிறோம்! தங்கும் அறையைத் திங்கள் இரவுக்கே பதிவு செய்ய வேண்டும். செவ்வாய்க்குப் பதிவு செய்தால் முதல் இரவு தங்க இடம் இருக்காது.

இதன் உச்சம் சமோவாவுக்கும் அமெரிக்கச் சமோவாவுக்கும் நடுவே. ஆப்பியாவின் ஃபலியோலோ நிலையத்திலிருந்து பாகோ பாகோ சுமார் 150 கிலோமீட்டர்தான், சிறிய விமானத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் சமோவா 2011-ல் டிசம்பர் 30 என்ற நாளையே விட்டுவிட்டுத் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டது. இப்போது இரண்டுக்கும் சரியாக 24 மணி நேர வித்தியாசம். கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், தேதியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு எளிது, அதனாலேயே திரும்பும் பயணத்தில் இணைப்பு விமானத்தின் தேதியைத் தப்பாகப் போட்டுவிட வாய்ப்பு அதிகம்.

படி 8: நேரடி விமானமா, நின்று நின்று போவதா

கணக்கு சரியாக இருந்தும் பயணம் இரண்டு மடங்கு ஆகலாம். ஹொனலுலுவிலிருந்து குவாமுக்கு யுனைடெட் நிறுவனத்தின் நேரடி விமானம் உண்டு. அதே நிறுவனத்தின் ஐலண்ட் ஹாப்பர் என்ற சேவை மஜூரோ, குவாஜலின், கோஸ்ரே, போன்பே, சூக் என்று ஐந்து தீவுகளில் இறங்கி ஏறிப் போகும், 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தூரம் அவ்வளவாகக் கூடிவிடாது. ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, நின்று, மறுபடி ஏறுவதில் நேரம் போகிறது. வேகத்தால் வகுக்கும் கணக்கை மொத்தத் தூரத்துக்குப் போடாமல் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகப் போட்டு, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முக்கால் மணி நேரமாவது சேர்த்தால் நிஜத்துக்கு அருகில் வரும்.

முன்பதிவுத் தளத்தில் "நேரடி" என்று வடிகட்டிப் பார்த்து எதுவும் வரவில்லை என்றால், இரண்டு தீவுக்கும் பொதுவான மைய நிலையம் எது என்று தேடுங்கள். அருகருகே இருக்கும் தீவுகளுக்குக்கூட வெகுதூரத்து மைய நிலையம் வழியாகத்தான் போக முடியும் என்ற நிலை சகஜம்.

படி 9: சின்னத் தீவுகளின் தனி நிபந்தனைகள்

ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர். உலகின் மிகக் குறுகிய முறையான விமான சேவை அது. அட்டவணையில் 2 நிமிடம், நல்ல பின்காற்றில் 53 விநாடியில் போயிருக்கிறது. அதே ஸ்காட்லாந்தின் பாரா தீவில் ஓடுபாதையே கடற்கரை மணல். அலை ஏறினால் ஓடுபாதை மூழ்கிவிடும், எனவே விமான நேரங்களைக் கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வைக்கிறார்கள். இன்றைய நேரம் அடுத்த வாரமும் இருக்கும் என்று எண்ணித் திட்டமிட்டால் அங்கே ஏமாற்றம்தான். கரீபியனில் சபா தீவின் ஓடுபாதை 400 மீட்டர்தான். ட்வின் ஆட்டர் போன்ற சின்ன விமானம் மட்டுமே இறங்கும், எனவே வேகக் கணக்கில் 830-ஐப் போட்டுவிடாதீர்கள்.

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது மாலத்தீவுகளில். மாலேவிலிருந்து தொலைதூரத் தீவுகளுக்குக் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலையில் இறங்கினால், முப்பது நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டிய கடைசிக் கட்டம் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போகும், இரவு மாலேவில் தங்க வேண்டிவரும். பல விடுதித் தீவுகள் மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் தங்கள் கடிகாரத்தை வைத்திருக்கின்றன. திரும்பும் நாளில் படகோ கடல் விமானமோ எத்தனை மணிக்கு என்று கேட்கும்போது, அது தீவு நேரமா மாலே நேரமா என்று சேர்த்துக் கேளுங்கள்.

படி 10: நிஜத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

கடைசியாக, நீங்கள் போட்ட கணக்கை நடந்த பயணங்களோடு வைத்துப் பாருங்கள். ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற தளங்களில் விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாட்களில் அது எப்போது கிளம்பியது, வானில் எவ்வளவு நேரம் இருந்தது, எந்தப் பாதையில் போனது என்று தெரியும். ஒரு நாளை மட்டும் பார்க்காமல் ஒரு வாரத்தைப் பாருங்கள். மிக நீண்ட நாள் எவ்வளவு எடுத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்குக்கும் நிஜத்துக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வித்தியாசம் இருந்தால் கணக்கு சரி. சரியாக அரை மணியோ ஒரு மணியோ விலகினால் நேர மண்டலத்தை மறுபடி பாருங்கள். விமானம் எதிர்பார்த்த நேரத்தில் பாதிக்கும் முன்பே இறங்கிவிட்டதாகத் தெரிந்தால் குறியீட்டைச் சரிபாருங்கள், அது வேறு விமான நிலையமாக இருக்கும். எல்லாம் சரியாக இருந்து நேரம் மட்டும் தொடர்ந்து கூடுதலாக வந்தால் வரைபடத்தில் பாதையைப் பாருங்கள். வளைவு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

இணைப்பு விமானத்துக்கான இடைவெளியை அந்த மிக நீண்ட நாளின் நேரத்தை வைத்தே போடுங்கள். தீவில் அடுத்த விமானம் வாரத்துக்கு இரண்டு முறைதான் என்றால், நடுவில் ஓர் இரவு தங்குவதுபோலவே திட்டமிடுங்கள்.